வாசலில் நுழையாத மலை

வீடு காலியாகிவிட்டது, தெருவில் வண்டி காத்திருக்கிறது. நூர் பாஷா இந்த அறையிலேயே செய்த பொம்மை ரயில் ஓடும், மலையும் ஸ்டேஷனும் வைத்த பெரிய பலகை மட்டும் எப்படிச் சாய்த்தாலும் கதவுக்குள் நுழையவில்லை. மனைவி பரிதாவின் பழைய சேலையைப் பிளாஸ்டரில் தோய்த்துப் போர்த்திச் செய்த பொம்மை வத்தல்மலைமேல் ஜன்னல் வெயில் கிடக்கிறது. பச்சைப் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் சேலைப்பூ தெரிகிறது. அவர் மலையடியில் ரம்பத்தை வைக்கிறார், எடுக்கிறார். “செய்யறப்பவே கதவ அளந்திருக்கலாம்,” என்கிறாள் பரிதா. “காலி பண்ணுவோம்னு யாரு நெனச்சா?” அவள் பிளாட்பாரத்தில் நிற்கும் நகமளவு மனிதர்களை ஒவ்வொருவராகப் பிய்த்து உள்ளங்கையில் சேர்க்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் மட்டும் அசையவில்லை. பரிதாவும் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். “எல்லாரையும் எடுத்தாச்சா?” “இவ எந்திரிக்க மாட்டேங்கறா. செத்த நேரம் இருக்கட்டும், அப்புறம் அறுங்க.”