தனசேகரன் நடத்திய தர்ம யுத்தம்

"நெலம் போனாப் போவுது. நியாயம் போவலாமா?"

ஏரிக்கரையில் கூடியிருந்த ஆண்களைப் பார்த்துக் கேட்டான் தனசேகரன். தியாகதுருகம் பக்கம் மனைத் தரகு பார்ப்பவன். அவன் வாயில் நியாயம் என்ற சொல் வந்ததும் இரண்டு பேருக்கு இருமல் வந்துவிட்டது.

விஷயம் பழசு. புருஷனை இழந்த சின்னப்பொண்ணுவின் ஒரு ஏக்கரை, பக்கத்து ஊர்க்காரர்கள் வளைத்து முள்வேலி போட்டு மூன்று வருஷமாகிறது. அவள் ஏறாத வாசல் இல்லை. தனசேகரன் வாசலிலும் வந்து நின்றாள். கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

"இன்னா மாமா, திடீர்னு?" என்றான் அக்கா மகன் ராசு.

"ஒரு பொம்பள அழுவுறதப் பாத்துக்கினு எப்பிட்றா தூங்கறது?"

பத்து நாளாக அவனுக்குத் தூக்கமில்லை என்பது உண்மைதான். காரணம்தான் வேறு. ஒருநாள் காலையில் ஓடைப்பக்கம் ஒதுங்கப் போனவன், அந்த வேலியோரம் அதைப் பார்த்தான். வெள்ளையடித்த கல், அதில் சிவப்பு அம்புக்குறி, கீழே ஒரு எண். பைபாஸுக்கு அளந்து நட்ட கல் என்று தரகனுக்கு யாராவது சொல்ல வேண்டுமா? வந்த வேலையை மறந்து, முள்ளை வெட்டிப் போட்டு அதை மூடினான். நிலத்தை மீட்டுக் கொடுத்தால், அந்த நன்றியிலேயே அவள் அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். பிறகு சர்க்கார் தரும் இழப்பீடு முழுக்க அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை போர் நடந்தது. கழியும் கடப்பாரையுமாக நாற்பது பேர் போனார்கள். வேலி போயிற்று. ராசுவுக்கு முன்பல் போயிற்று. தனசேகரனுக்கு மண்டையில் ஒன்பது தையல். போலீசும் தாசில்தாரும் வந்து பட்டாவைப் பார்த்து, நிலம் சின்னப்பொண்ணுவுடையதுதான் என்றார்கள். ஊர் அவனுக்கு மாலை போட்டது. கட்டுப் போட்ட தலையைக் கண்ணாடியில் பார்த்தபோது, நியாயத்துக்காகத்தான் அடிபட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இருந்தாலும், தையல் பிரிக்கும் முன்பே கிரயப் பத்திரத்தோடு சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போய்விட்டான்.

அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணிக்கடியில் இருந்த கல்லில் சிவப்பு அம்புக்குறி தெரிந்தது.

தனசேகரன் பதறிப் போனான். "யக்கா, இன்னா பண்ணிக்கினு இருக்க? அது கவர்மெண்ட் கல்லு. புடுங்கினா கேசு."

"எம் மாட்டுக்கொட்டாய்ல கெடந்த கல்லு, தம்பி." சேலையை ஓங்கி அடித்தபடியே சொன்னாள் சின்னப்பொண்ணு. "மூணு வருசமா நியாயம் கேட்டேன், ஒருத்தரும் வரல. அப்பறந்தான் ஒரு டப்பா பெயின்ட்டு வாங்கியாந்து, நீ தெனமும் ஒதுங்கற எடமாப் பாத்து நட்டேன்."