அமுக்கினால் அடிக்கும்

"கழுத்துல தொங்குற சாமான் எப்படிம்மா டாய்லெட்டுக்குள்ள விழும்? கொஞ்சமாவது கவனம் வேண்டாமா?"

குளியலறை வாசலில் நின்றுகொண்டு மகன் கத்தினான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிளம்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கம்மோடுக்கு முன்னால் மண்டி போட்டிருந்தார்.

"என்ன சார் விழுந்துச்சு? மோதிரமா?"

"மோதிரமா இருந்தா தொலையுதுன்னு விட்டிருப்பேன். மணி அடிக்கிற பொத்தான். இவங்க இங்க அமுக்கினா என் ரூம்ல அடிக்கும். எங்க அக்கா வாங்கிக் குடுத்தது. அவ இன்னைக்கு வர்றா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

போன தடவை வந்தபோது, அக்கா தானே ஆணி அடித்து அந்த மணியைத் தம்பியின் தலைமாட்டில் மாட்டினாள். பொத்தானைக் கயிற்றில் கோத்து அம்மாவின் கழுத்தில் போட்டாள். "இது அடிச்சா நீ எழுந்து வரணும். ஏமாத்தினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள். சொன்னால் செய்கிறவள். சித்தப்பாவோடு என்றைக்கோ பேச்சை நிறுத்தினாள், இன்றுவரை நிறுத்தியதுதான்.

"விட்டுடேன்டா" என்றாள் அம்மா. "தண்ணியில போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நம்புவாளா? நான்தான் தூக்கிப் போட்டேன்னு சொல்லுவா. உனக்கென்ன, வாயே திறக்க மாட்டே. வாங்கிக் கட்டிக்கப் போறது நான்தானே?"

அதுவும் உண்மைதான். அம்மா வாய் திறக்கிற ரகம் இல்லை.

பிளம்பர் வளைந்த கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய அவருக்கு வராது. சுவரைப் பார்த்தார்.

"கயிறு பத்திரமா ஆணியில தொங்குது. பொத்தான் மட்டும் எப்படிம்மா விழுந்துச்சு?"

"முடிச்சு அவுந்துடுச்சுப்பா."

"நெத்தியில என்ன தழும்பு?"

அதற்கு மகன் முந்திக்கொண்டான். "ராத்திரி தனியா எழுந்து வந்து இங்கேயே வழுக்கி விழுந்துட்டாங்க. விடியற வரைக்கும் தரையிலேயே கிடந்திருக்காங்க. கழுத்துல பொத்தான் தொங்குது, ஒரு அமுக்கு அமுக்கினா ஓடி வந்திருக்க மாட்டேனா? அமுக்கலையே! அன்னைக்குன்னு இல்ல, ஒரு நாள்கூட அமுக்கினது இல்ல. அவ்வளவு வீம்பு. அக்கா போன்ல கேக்குறப்பல்லாம், 'மணியே அடிக்கலக்கா, அம்மா நிம்மதியா தூங்குறாங்க'ன்னு நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எங்க மாமியாரும் இப்படித்தான் சார். நம்மள எழுப்ப மனசு வராது."

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கம்பியில் ஏதோ தட்டுப்பட்டது. பிளம்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். பொத்தான் மேலே வந்தது. தேங்கி நின்ற தண்ணீர் மடமடவென்று இறங்கியது. மகனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பிளம்பர் பொத்தானை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார், மேல இருந்த படமெல்லாம் அழிஞ்சு வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு. பழசா வாங்கினதா?"

"புத்தம் புதுசுங்க. வேலை செய்யுதான்னு முதல்ல பாருங்க."

அமுக்கினார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னியது.

"பலே! தண்ணி புகாத சாமான். ஒண்ணும் ஆகல. உங்க ரூம்ல அடிக்குதான்னு பாருங்க."

மகன் சந்தோஷமாகத் தன் அறைக்கு ஓடினான். "அமுக்குங்க!"

"அமுக்கிட்டேன் சார்!"

"இன்னொரு தடவை!"

"அமுக்கிக்கிட்டேதான் சார் இருக்கேன்!"

தலைமாட்டில் மணி சும்மா தொங்கியது. கழற்றி, பின்பக்கத்து மூடியைத் திறந்தான். பேட்டரி இருக்க வேண்டிய குழிகள் காலியாக இருந்தன.

அப்போதுதான் நினைவு வந்தது. அக்கா கிளம்பிப் போன மறுநாள், மேட்ச் முடியும் நேரத்தில் டிவி ரிமோட் செத்துப்போனது. கைக்கு எட்டியது இந்த மணி. காலையில் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான்.

மணியைக் கையில் பிடித்தபடி அம்மாவின் அறைக்கு வந்தான். பிளம்பர் பொத்தானை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கக் குழாயடியில் கம்பியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அந்தத் திறந்த மணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவன் அவளுடைய நெற்றித் தழும்பைப் பார்த்தான். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"அம்மா... நீ..."

வாசலில் கார் வந்து நின்றது. "அம்மா!" என்று அக்காவின் குரல் கேட்டது.

அம்மா பொத்தானை அவசரமாக அவன் கையில் திணித்தாள்.

"வந்ததும் முதல்ல இதைத்தான் அமுக்கிப் பாப்பா. ஓடிப்போய் உள்ள போட்டு, தண்ணியை நல்லா திறந்து விடுடா. காலையில நான் போட்டப்போ சரியா போகல."