செருப்புக்கு அடையாளம்

கடற்கரையில் ஒரு சிவப்புக் கொடியை நட்டிருந்தார்கள். இங்கே கடலில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். சுற்றுலா வந்தவர்கள் அந்தக் கொடியடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடலில் இறங்கினார்கள்.

"எல்லாரும் ஏன் என்கிட்டயே வந்து கழட்டுறாங்க?" என்று கேட்டது கொடி.

"எங்கேயிருந்து பாத்தாலும் நீதான் பளிச்சுன்னு தெரியிற. திரும்பி வரும்போது தேட வேண்டாம்ல," என்றது ஒரு நீலச் செருப்பு.

கொடிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவராக வந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நீலச் செருப்பு மட்டும் அப்படியே கிடந்தது.

"உன் ஆள் எங்க?" என்றது கொடி.

"இன்னும் கரையேறல."

"கவலைப்படாத. இடம் தெரியாம தேடுறாரோ என்னவோ," என்று சொல்லிவிட்டு, கொடி இன்னும் பலமாகப் படபடத்தது.