உதவிப் பக்கத்தின் கடைசி வரி

ரத்த வங்கியின் புது மென்பொருளுக்கு, செல்போன் வைத்திருந்த கொடையாளர்களை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். மற்றவர்கள் மூலையில் கிடந்த பழைய கணினியோடு நின்றுபோனார்கள். மதியம் பிரசவமான ஒருத்திக்கு இப்போது அபூர்வ வகை ரத்தம் தேவைப்பட்டது. பழையதில் தேடுவது எப்படி என்று பதிவு மேஜை அக்காவுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.

"உதவிப் பொத்தானை அமுக்குங்கக்கா," என்றாள் நர்ஸ்.

"அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சுபோச்சு. உதவிக் கோப்பே இல்லைங்குது. வித்த கம்பெனியும் மூடியாச்சு. இன்டர்நெட்ல ஒரு பக்கமும் திறக்கலை."

"இன்னொரு தடவை அமுக்குங்க. அந்தப் பொண்ணு தாங்கமாட்டா."

அமுக்கினாள். உதவிப் பக்கம் திறந்தது, நல்ல தமிழில்.

"இந்தச் சனியனுக்குத் தமிழே தெரியாதேடி!"

"அப்புறமா ஆச்சரியப்படலாம், படிங்க."

பக்கம் சொன்னபடியே அக்கா தட்டிக்கொண்டு போனாள். ஒரே ஒரு பெயர் வந்தது, வீட்டு போன் நம்பரோடு. நர்ஸ் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அக்கா பக்கத்தை இன்னும் கீழே தள்ளினாள். கடைசி வரி இப்படி இருந்தது: 'போனை வைத்துவிடலாம். அவர் வந்துவிட்டார்.'

"என்னடி இது? யாரு எழுதினது?"

நர்ஸ் வாசலைப் பார்த்தாள். அங்கே ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றிருந்தார்.

"காலையில நீங்க போன்ல கூப்பிட்டதுமே கிளம்பிட்டேன், பஸ்தான் லேட்டு," என்றார். "எந்தக் கைம்மா?"