சந்தேகம் கேட்ட பேருந்து

ஓட்டுநர் இல்லாத பேருந்துகளை ஓடவிட்ட பல்கலைக்கழகம், வழியில் அவற்றுக்கு வரும் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கச் சுகிர்தாவைத் திரைக்கு முன்னால் உட்கார்த்தியிருந்தது. தொடக்கத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "அக்கா, முன்னால கெடக்கது கல்லா, சாக்கா?" என்று அவளிடம் கற்ற நெல்லைத் தமிழிலேயே பேருந்துகள் கேட்கும். குழம்பி நின்றால், "பரவால்ல, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், எந்தப் பேருந்தும் அதை மறுபடி கேட்காது.

அப்படியே கேட்க ஒன்றுமில்லாமல் போனது. டிபன் பாக்ஸ் மூடி திறப்பதுதான் இப்போது அந்த அறையில் பெரிய சத்தம்.

"கேள்வியே வரலியாமே, ஒங்களுக்கு ஜாலிதான்க்கா" என்று ஆய்வுக்கூடத்து இசக்கியப்பன் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் ஒரு பேருந்து நின்றது. "அக்கா, இது என்னது?"

பனை ஓலை. பார்த்ததுமே தெரிந்தது. சொன்னால் இந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

"சரியாத் தெரியலியே. கொஞ்சம் கிட்ட போயிக் காட்டு."

காட்டியது. "இப்பம்?"

"ம்ஹூம். அந்தப் பக்கமாத் திரும்பு."

திரும்பியது. உள்ளே பயணிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சுகிர்தா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னும் பிடிபடல. நாளைக்கும் எங்கயாச்சும் பாத்தாக் கேளு, என்னா?"

பேருந்து யோசித்தது. பார்வை மங்கிய கேமராவை நம்பாதே என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அக்காவுக்கும் பார்வை மங்கிவிட்டது போல.

"பரவால்லக்கா" என்றது கனிவாக. "இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

சக்கரத்தடியில் ஓலை சரசரவென்று நொறுங்கியது. அதற்கப்புறம் எந்தப் பேருந்தும் அவளைக் கூப்பிடவே இல்லை.