கதவுக்கு வாங்கிய பெயின்ட்

"கத்தரி எடுத்துட்டுப் போனீங்க, சரி. இப்ப பெயின்ட் டப்பா எதுக்கு?"

கேட்டது தெல்கர், சம்பூவின் மனைவி. உறைந்து கல்லாகிவிட்ட டப்பாவை அவன் சாக்கில் சுற்றி அடுப்போரம் உருட்டிக்கொண்டிருந்தான். மங்கோலியச் சமவெளியில் மூன்று நாள் அடித்த பனிப்புயல் அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. கூடாரத்துக்குள் அடுப்பைச் சுற்றி நடுங்கும் ஆட்டுக்குட்டிகள், அவற்றுக்கு நடுவில் மகள் நோமின். கால் வைக்க இடமில்லை.

காலையில் குதிரையேறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்ததிலிருந்து மனுஷன் இப்படித்தான். பட்டிக்கும் கூடாரத்துக்குமாக நடக்கிறான்.

தெல்கருக்குப் பொறி தட்டியது. புயல் வடக்கிலிருந்து அடித்தது. வடக்கே இருப்பது லுவ்சனின் கூடாரம். காற்று துரத்தினால் ஆடுகள் அது போகிற திசைக்கே ஓடும். லுவ்சனின் ஆடுகள் பட்டியை உடைத்துக்கொண்டு ஓடியிருந்தால் வந்து ஒதுங்குவது இங்கேதான்.

"லுவ்சன் ஆடுங்க நம்ம பட்டிக்கு வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அவன் ஆட்டு முதுகுல அடையாளத்துக்கு நீலம், நம்மளுதுல சிவப்பு. நீலத்தைக் கத்தரிச்சுட்டு சிவப்பைப் பூசிட்டா நம்மளுதாயிடுமா?"

சம்பூ டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான். இளகியிருந்தது.

"பெயின்ட்டை மாத்தினா மூஞ்சி மாறிடுமா? அவனுக்குத் தன் ஆட்டு மூஞ்சி தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சா தெரியட்டும்" என்று எழுந்து போய்விட்டான்.

தெல்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லுவ்சன் வேறு யாரோ இல்லை, சம்பூவின் சித்தப்பா மகன். கிணற்றுத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. லுவ்சன் ரோஷக்காரன். போன குளிர்காலத்தில் தெல்கர் மனசு கேட்காமல் ஒரு வண்டி காய்ந்த புல் அனுப்பினாள். "எங்க வீட்ல யாரும் பிச்சை எடுக்கல" என்று அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டான்.

அதெல்லாம் இருக்கட்டும். ஆடு போனால் அவன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய் மூட்டை தூக்க வேண்டியதுதான். கைக்குழந்தை வேறு இருக்கிறது.

"சண்டை வேற, சாப்பாடு வேற" என்றாள் அடுப்பைப் பார்த்து.

"யார்கிட்டம்மா பேசுற?" என்றாள் நோமின்.

"உங்கப்பாகிட்டதான். அவருக்குக் காது உறைஞ்சுபோச்சே."

மதியம் லுவ்சனே வந்துவிட்டான். மீசையெல்லாம் பனிக்கட்டி. தெல்கர் உப்புப் போட்ட பால் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள்.

சம்பூ முறைப்படி கேட்டான். "ஆடு மாடெல்லாம் குளிரைத் தாண்டுதா?"

"நல்லாத் தாண்டுது."

இந்தச் சமவெளியில் அந்தக் கேள்விக்கு அது ஒன்றுதான் பதில். பட்டியே காலியாகிக் கிடந்தாலும் தேநீர் குடித்து முடிக்கும்வரை வேறு பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் லுவ்சன் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தெல்கரால் பொறுக்க முடியவில்லை.

"லுவ்சா, உன் ஆடுங்க எங்க பட்டியிலதான் இருக்கு. எந்தக் கலர்ல இருந்தாலும் மூஞ்சியைப் பார்த்து ஓட்டிட்டுப் போ. யாரு தடுக்கறாங்கன்னு நான் பார்க்கிறேன்."

சம்பூ அசரவில்லை. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காத்துல இங்க வந்து ஒதுங்கிடுச்சு. நீலம் போட்டதெல்லாம் உன்னுது."

நீலமா? தெல்கர் முதல் ஆளாக வெளியே ஓடினாள்.

பட்டியில் பாதி ஆடுகளின் முதுகில் புது நீலம். கூட்டத்திலிருந்து கிழிந்த காதுள்ள ஆடு ஒன்று முண்டியடித்துக்கொண்டு வந்து அவள் அங்கிப் பைக்குள் மூக்கை நுழைத்தது. அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. எப்போதும்போல ரொட்டித் துண்டு தேடுகிறது. அதன் முதுகிலும் நீலம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. லுவ்சனின் ஒரு ஆடுகூட இங்கே வரவில்லை. அவையெல்லாம் ஏதோ பள்ளத்தில் பனிக்குள் விறைத்துக் கிடக்கின்றன. காலையில் சம்பூ பார்த்துவிட்டு வந்தது அதைத்தான். கத்தரித்தது நீலத்தை இல்லை, சிவப்பை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

லுவ்சன் ஒவ்வொரு ஆட்டின் முகத்தையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசியில் கிழிந்த காதின் முன்னால் நின்றான்.

"அண்ணி, இது உங்க கைக்குப் பழகின ஆடு மாதிரி இருக்கே."

"மூணு நாளா நான்தானே தீனி போட்டேன், பழகாதா?" என்றாள் தெல்கர். "ஓட்டிட்டுக் கிளம்பு. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரு."

லுவ்சன் குனிந்து அந்தக் காதைத் தடவிக் கொடுத்தான். வெகுநேரம் தடவினான்.

"ஆமாண்ணே" என்றான் சம்பூவிடம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த அண்ணன். "எல்லாம் என்னோடதுதான்."

ஆடுகள் வடக்கே மறைகிறவரை மூவரும் பட்டி வாசலிலேயே நின்றார்கள். நோமின் காலி டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அம்மா, கூடாரக் கதவுக்கு அடிக்க வாங்கின நீலம் மொத்தமும் தீர்ந்துபோச்சு."

"சிவப்பையே அடிச்சுக்கலாம்டி" என்றாள் தெல்கர். "இந்த வருஷம் அது நிறைய மிச்சமாகும்."