வலப்பக்கக் கண்ணாடி

"அண்ணே, பாத்து! இன்னொரு தட்டு தட்டினா ஹேண்டிலே கையோட வந்துரும்."

"வாய மூடிக்கிட்டு பைக்கப் புடிடா" என்றான் யோகேஸ்வரன்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் தம்பி மதுரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. வலப்பக்கக் கண்ணாடியின் தண்டு முறிந்து, அடித்துண்டு மட்டும் ஹேண்டிலில் இறுகிக் கிடந்தது. மதுரன் புதுக் கண்ணாடி வாங்கி வந்துவிட்டான். பழைய துண்டு வெளியே வந்தால்தானே அதைப் பூட்டலாம்? நாளைக் காலை ஹட்டனில் பார்சல் கொண்டு போகும் வேலையில் அவன் சேர வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தால்தான் பைக்கோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"எப்படிடா இப்படி முறிஞ்சிச்சு?"

"ராகலையில மரக்கறி லொறி ஒண்ணு ஒரசிட்டுப் போயிருச்சு. எத்தன தடவ சொல்றது?"

யோகேஸ்வரன் எதையும் முறையாகச் செய்கிறவன். நேற்றே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தான். காலையில் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினான். அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைத்துப் பார்த்தான். பிளையரால் கவ்வி இடப்பக்கமாக முறுக்கினான். துண்டு அசையவில்லை. பிளையர் வழுக்கியதில் விரல் முட்டியில் தோல்தான் உரிந்தது.

கதவருகே ஊன்றுகோலுடன் நின்ற அவன் மனைவி சுலக்ஷனா, "விட்டுருங்களேன். ஹட்டன்ல பைக் திருத்துற கராஜ் பாஸ்கிட்ட குடுத்துக்கலாம்" என்றாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. எந்த பாஸ் தொறந்து வச்சிருக்கான்?"

அவளுடைய வலது காலைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஐந்து மாதத்துக்கு முன், பனிமூட்டத்தில் நோர்வூட் பாதை வளைவில் விழுந்து கிடந்தாள். மதுரன்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கால் இன்னும் சரியாகவில்லை. கொழுந்து எடுக்கப் போக முடியவில்லை.

"இவள இடிச்சிட்டு ஓடின அந்த நாய் மட்டும் என் கையில கெடைக்கட்டும். இவ கால் மாதிரியே அவன் காலயும் ஆக்கிட்டுத்தான் பொலிசுக்குப் போவேன்."

"இப்ப எதுக்குண்ணே அது?" என்று மதுரன் பேச்சை மாற்றினான். "அண்ணிக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுங்க. பஸ்ஸுக்கு நிக்கத் தேவையில்ல."

"இவளுக்கா? பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்தாலே கண்ண மூடிக்கிறவ. ஸ்கூட்டி ஓட்டினா தேயிலைக்குள்ளதான் போய் நிக்கும்."

சுலக்ஷனா சிரிக்கவில்லை.

யோகேஸ்வரன் பிளையரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, முழு பலத்தோடு மறுபடி இடப்பக்கம் அழுத்தினான். ஹேண்டில் கிறீச்சிட்டது.

"ஐயோ, ஒடச்சிராதீங்க! அதுக்கு மரை தலைகீழுங்க, மத்தப் பக்கம் சுத்தணும்!"

சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மத்தப் பக்கமா?" வலப்பக்கமாக லேசாகத் திருப்பிப் பார்த்தான். காலையிலிருந்து கல்லாகக் கிடந்த துண்டு, வெண்ணெயில் இறக்கியது போலச் சுழன்று வந்தது. "அடி சக்க! நம்ம வீட்டுலயே ஒரு பாஸ் இருக்குடா மதுரன்!"

சிரித்தபடியே துண்டின் துருவையும் கிறீஸையும் துணியால் துடைத்தான். சிரிப்பு நின்றது. முறிந்த இடம் சாய்வாக இருந்தது. ஓரத்தில் நாய்ப்பல் போல ஒரு கூர்.

எழுந்து உள்ளே போனான். பரணிலிருந்த பால்மா டின்னை எடுத்து வந்து கவிழ்த்தான். உடைந்த கண்ணாடி ஒன்று தண்டோடு விழுந்தது.

"இது என்னண்ணே?" என்றான் மதுரன்.

"இவ விழுந்த எடத்துல, ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள கெடந்திச்சு. அஞ்சு மாசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நோர்வூட்டுல நிக்கிற ஒவ்வொரு பைக்கையும் உத்துப் பாத்துக்கிட்டுத் திரிஞ்சேன், இதத் தவிர."

தண்டையும் துண்டையும் சேர்த்து வைத்தான். இடையில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை.

மதுரன் பைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"நீயாடா? இடிச்சதும் நீ, தூக்கிக்கிட்டுப் போனதும் நீயா? அண்ணிடா அவ!" யோகேஸ்வரனின் கையில் குழாய் உயர்ந்தது.

ஊன்றுகோல் கீழே விழுந்தது. நொண்டிக்கொண்டே பாய்ந்து வந்த சுலக்ஷனா அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"தம்பிய அடிக்காதீங்க! அன்னைக்கு பைக்குல தம்பி பின்னுக்குத்தாங்க உக்காந்திருந்திச்சு!"

"பின்னுக்கா? அப்ப முன்னுக்கு எவன்?"

அவள் கையை விடவில்லை. கண்களை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் இப்படித்தான், 'எவன் இடிச்சான்'னு கேட்டுக்கிட்டே ஓடி வந்தீங்க, 'யாரு ஓட்டினா'ன்னு ஒரு வார்த்த என்கிட்ட கேக்கலியேங்க!"